அண்ணல் அம்பேத்கரின் மாணவப் பருவம்

பட்ட வகுப்பில் சேரும் நம் இளைஞருள் பலர் வரலாற்றுப் பாடத்தை விரும்புவதில்லை. உத்தியோகத்திற்கு உதவாத படிப்பு என்று பெற்றோரும் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை உணர்த்தவல்லது டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர் அவர்களின் மாணவப் பருவம். நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அதனை நினைவுகூர்தல் பொருத்தமாகும்.

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், மோவ் என்னும் படைமுகாம் நகரில், சுபேதார் ராம்ஜி சக்பாலுக்கும் பீமாபாய்க்கும் பதினான்காவது மகவாக அண்ணல் தோன்றினார். பள்ளியில் ஏனைய பிள்ளைகளோடு சமமாக அமரும் உரிமை அவருக்கு இல்லை. வீட்டிலிருந்து கொண்டுசென்ற கோணிச் சாக்கே அவரது ஆசனம். தாகம் எடுத்தால் ஏவலாள் வந்து குழாயைத் திறக்கவேண்டும்; அவர் வராத நாளில் தண்ணீர் இல்லை. வடமொழி பயில விரும்பிய மாணவருக்கு அதுவும் மறுக்கப்பட்டது. வேறு வழியின்றிப் பாரசீக மொழியை எடுத்துப் படித்தார்.

1907இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் வென்றபோது நடந்த பாராட்டுக் கூட்டத்தில், கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்னும் ஆசிரியப் பெருந்தகை, தாம் மராத்தியில் இயற்றிய புத்தர் வரலாற்று நூலைப் பரிசாக அளித்தார். இளமையில் விழுந்த அவ்வித்து நெடுங்காலத்திற்குப் பின்னர் மரமாகியது.

1912இல் பி.ஏ. பட்டம் பெற்றார். மறு ஆண்டு பிப்ரவரியில் தந்தையார் மறைந்தார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதந்தோறும் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்றாண்டுகளுக்கு உதவித்தொகை வழங்கினார். படித்து முடித்ததும் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணிபுரிய வேண்டும் என்பது ஒப்பந்தம். 1913 ஜூலையில் நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

அங்கு அவருடைய முதன்மைப் பாடம் பொருளாதாரம். பட்டத்திற்கு அதுவே போதும் என அவர் நின்றுவிடவில்லை. பொருளாதாரத்தில் 29 பாடங்களோடு, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3 என வகுப்பு வகுப்பாகச் சென்று அமர்ந்தார். பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளின் தொடக்கப் பாடங்களையும் பயின்றார். கோணிச் சாக்கில் தனித்து அமர்த்தப்பட்டவர், ஜான் டூயி, செலிக்மன், ராபின்சன் முதலிய பேரறிஞர்களின் முன்னிலையில் ஏனையோருக்கு நிகராக வீற்றிருந்தார். 1915இல் எம்.ஏ. பட்டம் கிடைத்தது.

1916 மே 9ஆம் நாள், கோல்டன்வைசர் என்னும் மானிடவியல் பேராசிரியரின் கருத்தரங்கில், இந்தியச் சாதிகளின் அமைப்பு, தோற்றம், வளர்ச்சி பற்றி ஒரு கட்டுரை படித்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. சாதியின் உயிர்நிலை அகமணமே என்று அதில் நிறுவினார். தம் குழுவுக்குள்ளேயே மணவுறவை அடைத்துக்கொண்ட ஒரு வகுப்பாரைப் பார்த்து மற்றவரும் கதவடைத்தனர். விதவைக் கொடுமையும் குழந்தை மணமும் அவ்வடைப்பைக் காக்கும் தாழ்ப்பாள்களாயின. மனு ஒருவர் மட்டும் இதனைப் படைத்திருக்க இயலாது என்பது அவர்தம் கருத்து. சாதி மனிதர் வழக்கத்தால் வளர்ந்தது எனின், மனிதர் முயற்சியால் அது வீழவும் கூடும் அன்றோ! வரலாற்றுக் கல்வி அவருக்களித்த பேராயுதம் இதுவே.

பின்னர் இலண்டனில் படிப்பைத் தொடர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் தாயகம் திரும்பினார். தேடித் தேடிச் சேர்த்த நூல்கள் வேறொரு கப்பலில் வந்தன. அக்கப்பல் போரில் மூழ்கடிக்கப்பட்டது. பரோடாவில் உயர்பதவி கிடைத்தும் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் தங்கியவரைத் தடியேந்திய கூட்டம் வெளியேற்றியது. பட்டங்கள் தீண்டாமையைத் தகர்த்துவிடவில்லை. ஆயினும் அவர் கல்வியைக் கைவிடவில்லை. 1920இல் மீண்டும் இலண்டன் சென்று டி.எஸ்ஸி. பட்டமும் பாரிஸ்டர் தகுதியும் பெற்றார். 1927இல் கொலம்பியா அவருக்குப் பிஎச்.டி. வழங்கியது.

பள்ளியில் மறுக்கப்பட்ட வடமொழியைப் பின்னாளில் தம் முயற்சியாலேயே கற்றார். சூத்திரர் யார் என்பதை 1946இலும், தீண்டப்படாதார் யார் என்பதை 1948இலும் நூல்களாக ஆராய்ந்தார். பௌத்தத்தைக் கைவிடாதிருந்த மக்களே தீண்டப்படாதோராக ஒதுக்கப்பட்டனர் என்பது பின்னைய நூலின் முடிவுகளுள் ஒன்று. 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். அவ்வாண்டு டிசம்பர் 6இல் மறைந்தார். புத்தரைப் பற்றிய அவரது பெருநூல் 1957இல் வெளிவந்தது.

இவ்வாராய்ச்சி நமக்கு அயலானதன்று. அவருக்கு முன்னரே அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டு, நம் மக்கள் பூர்வ பௌத்தரே என எழுதினார். நம் அண்டை ஊராகிய நாகப்பட்டினத்தில் முதலாம் இராசராசன் காலத்தில் சூடாமணி விகாரம் எழுந்தது. திருநள்ளாற்றையும் நம் தெளிச்சேரியையும் வழிபட்டுச் சென்ற ஞானசம்பந்தர் போதிமங்கையில் பௌத்தரை எதிர்கொண்டதாகப் பெரியபுராணம் கூறும். நாம் நாள்தோறும் நடக்கும் மண்ணிலேயே ஆராய வேண்டியவை உள.

இளைஞர்களே! உத்தியோகத்திற்கான படிப்பைக் குறைவறப் படியுங்கள். அண்ணலும் பொருளாதாரத்தைக் குறைவறவே படித்தார். ஆனால் அதனோடு நில்லாதீர்கள். நம்மைத் தாழ்த்தியது எது, எப்போது, எவ்வாறு என்று வினவும் துணிவை வரலாறும் சமய ஆராய்ச்சியும் தரும். நம் இல்லந்தோறும் பட்டதாரி ஒருவர் உருவாகட்டும்; அவருள் ஓர் ஆராய்ச்சியாளரும் விழித்தெழட்டும்.