ஆற்றை அளந்த அறிஞர்: ஜான் வெஸ்லி பவல்

ஆற்றின் அழகைக் கண்டு வியந்தோர் எந்நாட்டிலும் பலர். அவ்வாற்றில் ஒரு விநாடியில் எத்துணை ஜலம் செல்கின்றதென அளந்து, அவ்வளவிற்கேற்பவே மக்கள் நிலந்திருத்தி வாழவேண்டும் என்று வற்புறுத்தியோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தோன்றிய ஜான் வெஸ்லி பவல் என்பார்.

இவர் 1834-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 24-ஆம் தேதி நியூயார்க் மாகாணத்து மவுண்ட் மாரிஸ் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் மெதடிஸ்ட் சபைப் போதகர். குடும்பத்தார் மேற்கே குடிபெயர்ந்து பண்ணைத்தொழில் செய்தமையால், பவல் ஒழுங்காகக் கற்றது சிறிதே. கல்லூரிகள் சிலவற்றிற் பயின்றும் பட்டம் பெற்றாரில்லை. ஆயினும் இளமையிலேயே படகேறி மிசிசிப்பி, ஒஹையோ முதலிய ஆறுகளில் நெடுந்தூரம் பிரயாணஞ்செய்து, இயற்கையையே தம் ஆசானாகக் கொண்டார்.

1861-ஆம் ஆண்டில் உள்நாட்டு யுத்தம் மூளவே, வடபகுதிச் சேனையிற் சேர்ந்தார். மறு ஆண்டு ஏப்ரல் 6-ஆம் தேதி ஷைலோ போர்க்களத்திற் குண்டு பாய்ந்து, அவரது வலக்கரம் துண்டிக்கப்பட்டது. பிறரெனின் அத்துடன் ஓய்ந்திருப்பர். பவலோ மீண்டும் களம் புகுந்தார். யுத்தம் முடிந்தபின் பூகர்ப்ப சாஸ்திர ஆசிரியரானார்.

1869-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆம் தேதி, தாம் உட்படப் பதின்மருடன் நான்கு படகுகளில், வயோமிங் பிரதேசத்துக் கிரீன் ஆற்றிற் புறப்பட்டு, அது கலக்கும் கொலராடோ ஆற்றின் பெரும்பள்ளத்தாக்கு வழியே சென்றார். வழியில் ஒரு படகு பாறையில் மோதிச் சிதைந்தது. உணவு போயிற்றே என்பதினும், உயரம் அளக்கும் பாரமானிகள் போயினவே என்பதே அவருக்குப் பெருங்கவலையாயிற்று. மறுநாள் அவை மீட்கப்பட்டபின்னரே மனந்தேறினார். ஆகஸ்டு 30-ஆம் தேதி பயணம் முடிந்தபோது எஞ்சியிருந்தோர் அறுவரே. ஒருவர் முன்னரே விலகினார். இறுதியிற் பிரிந்து கரையேறிய மூவர் கொல்லப்பட்டனர்.

மழை குறைந்த அந்த மேற்றிசை நிலங்களைக் கண்டறிந்த பவல், 1878-ஆம் ஆண்டில் அவற்றைப்பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். ஆண்டுக்கு 20 அங்குலத்திற்குக் குறைந்த மழை பெய்யும் இடங்களில் பாசனமின்றிப் பயிர் நிலையாது என்றும், நிலம் மிகுதி, நீரோ சொற்பம் என்றும் அதில் விளக்கினார். உழுதால் மழை தானே தொடர்ந்துவரும் என்று பலர் நம்பிய காலம் அது.

1881-ஆம் ஆண்டில் அவர் அமெரிக்கப் பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவின் தலைவரானார். 1888-ஆம் ஆண்டில் பாசன ஆராய்ச்சிப் பொறுப்பும் அவரிடம் வரவே, அக்குளிர்காலத்தில் நியூ மெக்ஸிக்கோவில் ரியோ கிராண்டி நதிக்கரையிலுள்ள எம்புடோ என்னுமிடத்தில், பிரெடெரிக் நியூவெல் தலைமையில் இளைஞர் சிலரை அனுப்பினார். கல்லூரிப் படிப்பை அண்மையில் முடித்த அவர்கள், கூடாரமிட்டுத் தங்கி ஆறளக்கும் வித்தையைப் பயின்றனர். 1889-ஆம் ஆண்டில் அவ்விலாகாவின் முதல் நீரளவை நிலையம் அங்கு ஏற்பட்டது.

அளக்கும் முறை வருமாறு: ஆற்றின் குறுக்களவைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் ஆழத்தையும், சுழலும் கருவியால் அங்குள்ள நீரின் வேகத்தையும் அறிவர். பரப்பை வேகத்தாற் பெருக்கி, யாவற்றையும் கூட்டினால் ஒரு விநாடியிற் செல்லும் ஜலம் கிடைக்கும். நீர் ஏறியும் இறங்கியும் இருக்கும் நாட்களிற் பன்முறை இங்ஙனம் அளந்து, மட்டத்திற்கும் ஓட்டத்திற்கும் உள்ள தொடர்பை வரைந்துவிட்டால், பின்னர் கரையிலுள்ள அளவுகோலைத் தினமும் பார்த்தே ஓட்டத்தைக் கணிக்கலாம். வெள்ளம் படுகையை மாற்றுமாதலால் இடையிடையே மீண்டும் அளத்தல் அவசியம்.

அளந்து முடியுமுன் நிலங்களை வழங்கலாகாது என்பது பவலின் கொள்கை. நிலத்தை விற்று விரைவிற் பொருளீட்ட விரும்பியோர் அதனைப் பொறுக்கவில்லை. 1890-ஆம் ஆண்டில் சட்டசபை பாசன ஆராய்ச்சிக்குப் பணந்தர மறுத்தது. 1893-ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரிற் கூடிய பாசன மகாநாட்டில், உள்ள நிலமனைத்திற்கும் போதிய நீரில்லை என்று கூறி, சபையோரின் கூச்சலுக்கு ஆளானார். மறு ஆண்டு பதவி துறந்தார். 1902-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் தேதி மெயின் மாகாணத்தில் உயிர்நீத்தார்.

அவர் சொல் பொய்க்கவில்லை. 1922-ஆம் ஆண்டில் ஏழு மாகாணத்தார் கொலராடோ நீரைப் பங்கிட்டு, மேற்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் ஆண்டுக்கு 75 லட்சம் ஏக்கர் அடி வீதம் வகுத்தனர். சில ஆண்டுகளின் அளவையே அன்று கைவசமிருந்தது. அவையோ மழை மிகுந்த ஆண்டுகள். ஆற்றின் சராசரி நீர் அதனிற் குறைவென்பது நெடுநாள் அளந்தபின்னரே தெளிவாயிற்று. பவல் பெயராலேயே வழங்கும் நீர்த்தேக்கம், 2023-ஆம் ஆண்டில், நிரம்பிய காலந்தொட்டு அதுவரை காணாத அளவிற்குத் தாழ்ந்தது.

மாணவ நண்பர்களே! ஒரு கரமிழந்தும் ஆற்றை வென்றது பவலின் வீரம். ஆயின் தாம் அளந்தறிந்த உண்மையை, கேட்க விரும்பாதோர் நடுவே நின்று சொன்னாரே, அதுவே பெரிய வீரம். உள்ளதை அளந்தறிந்த பின்னரே பிறர்க்கு வாக்களித்தல் வேண்டும் என்பதை அவர் வாழ்க்கையினின்று நாம் கற்போமாக.