ஒற்றைக்கண் விமானி!

குட்டீஸ்... ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தூரத்தில் நிற்கும் மரம் எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று சொல்லுங்கள் பார்க்கலாம். கஷ்டமாக இருக்கிறதா? ஒரே கண்ணோடு விமானம் ஓட்டி, உலகத்தையே சுற்றி வந்த ஒருவரைத் தெரியுமா? அவர்தான் வைலி போஸ்ட்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், 1898ம் ஆண்டு, நவம்பர் 22ம் தேதி ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். படிப்பு அவருக்கு வேப்பங்காய். இயந்திரம் என்றால் உயிர். சிறுவனாக இருந்தபோது ஒரு கண்காட்சியில் விமானத்தைப் பார்த்தார். அன்று பிடித்த ஆசை, கடைசி வரை விடவில்லை.

வாலிப வயதில் அவர் ஒரு பெரிய தப்பும் செய்தார். வழிப்பறி செய்து பிடிபட்டு, ஒரு வருடத்துக்கு மேல் சிறையில் இருந்தார். அதை மறைத்துவிட்டு அவர் கதையைச் சொல்ல முடியாது இல்லையா?

அதன் பிறகு எண்ணெய் வயலில் வேலை. 1926ல் இரும்புத் துண்டு ஒன்று தெறித்து, இடது கண் போய்விட்டது. வேறு யாராக இருந்தாலும் விமான ஆசையை மூட்டை கட்டியிருப்பார்கள். போஸ்ட் என்ன செய்தார் தெரியுமா? கிடைத்த நஷ்டஈட்டுப் பணத்தில் ஒரு பழைய விமானத்தை வாங்கினார்! ஒரு மரத்தைப் பார்ப்பார். தூரத்தை மனதில் குறிப்பார். நடந்து போய் அளந்து சரிபார்ப்பார். இப்படியே ஒற்றைக் கண்ணைப் பழக்கினார்.

1931ல் ஹெரால்ட் காட்டி என்ற வழிகாட்டியுடன், 'வின்னி மே' என்ற விமானத்தில் உலகைச் சுற்றினார். எட்டு நாள், 15 மணி, 51 நிமிடம். இரண்டு ஆண்டு கழித்து, அதே விமானத்தில் தனியாகவே கிளம்பிவிட்டார். தூங்கிவிட்டால்? விரலில் கயிறு கட்டி, அதில் ஒரு ஸ்பேனரைக் கட்டிக் கையில் பிடித்துக்கொண்டார். கண் அசந்தால் ஸ்பேனர் நழுவும், விரல் சுண்டும், விழிப்பு வந்துவிடும். எப்படி யோசனை! அலாஸ்காவில் இறங்கும்போது விமானம் குப்புறச் சாய்ந்து, புரொபெல்லர் வளைந்தது. சரிசெய்து கொண்டு பறந்தார். ஏழு நாள், 18 மணி, 49 நிமிடத்தில் உலகைத் தனியே சுற்றிய முதல் மனிதரானார்.

மிக உயரத்தில் பறக்க, 1934ல் காற்றழுத்த உடையையும் உருவாக்கினார். பின்னாளில் வந்த விண்வெளி உடைகளுக்கு அது முன்னோடி.

1935ல் மறுபடியும் அலாஸ்கா. ஒரு விமானத்தின் உடலையும், இன்னொரு விமானத்தின் இறக்கையையும் இணைத்து, புது விமானம் செய்திருந்தார். அந்தப் பகுதியில் ஓடுதளத்தைவிட ஏரிகள்தான் அதிகம். அதனால், சக்கரத்துக்குப் பதில் மிதவைகள் மாட்டினார். அவர் கேட்டிருந்த மிதவைகள் நேரத்துக்கு வரவில்லை, கிடைத்ததோ பெரியது. மூக்குப் பக்கம் பாரம் கூடிவிட்டது. தெரிந்தும் கிளம்பினார். காத்திருந்திருக்கலாமே என்று நமக்குத் தோன்றுகிறது. அவரோ காத்திருந்து பழகாதவர்.

உடன் சென்றவர், அமெரிக்காவே கொண்டாடிய நகைச்சுவை நடிகர் வில் ரோஜர்ஸ்.

ஆகஸ்ட் 15ம் தேதி, வடகோடியில் உள்ள பாரோ என்ற ஊருக்குப் பறந்தனர். மோசமான வானிலையால் வழி தெரியவில்லை. ஒரு உப்பங்கழியில் இறங்கி, கரையில் முகாமிட்டிருந்த இனுபியாட் மக்களிடம் வழி கேட்டனர். ஊர் பக்கத்தில்தான், சுமார் 20 கி.மீ., தூரம்.

மறுபடி கிளம்பினர். மிதவை விமானம் எழும்புவது லேசான காரியம் இல்லை. தண்ணீர் பிடித்து இழுக்கும். முழு வேகத்தில் ஓடித்தான் விடுபட வேண்டும். விமானம் மேலே எழும்பியது. சில நொடிகளில் இன்ஜின் நின்றது! இன்ஜின் ஓடும் வரை, அது தள்ளும் காற்று வாலில் பட்டு மூக்கைத் தூக்கிப் பிடித்திருந்தது. அது நின்றதும், பாரமான மூக்கு கீழே சாய்ந்தது. நிமிர்த்த உயரமும் இல்லை. தண்ணீரில் மோதித் தலைகீழானது. இருவரும் அங்கேயே இறந்தனர்.

பார்த்துக்கொண்டிருந்த இனுபியாட் மனிதர் ஒருவர், சேறும் சதுப்புமான நிலத்தில் பல மணி நேரம் ஓடி, பாரோவுக்குச் செய்தி சொன்னார். அந்த ஊரின் பெயர் 2016ல் உட்கியாக்விக் என்று மாறிவிட்டது. அங்குள்ள விமான நிலையத்துக்கு மட்டும் போஸ்ட், ரோஜர்ஸ் இருவரின் பெயர்தான்.