கூட்டு மருந்துக்கு வித்திட்ட சுப்பாராவ்

கடும் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகள் சில மாதங்களிலேயே மடிந்த காலம் ஒன்று உண்டு. அந்நிலை மாற வழிவகுத்தவர்களுள் ஒருவர் டாக்டர் எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

1895ஆம் ஆண்டு அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அங்கி அணிந்ததால் பேராசிரியரின் சினத்துக்கு ஆளானார், எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதில் எல்.எம்.எஸ். சான்றிதழே கிட்டியது. மனந்தளராமல் 1923இல் அமெரிக்கா சென்றார். ஹார்வர்டில் ஆராய்ச்சி செய்தபின், 1940இல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார்.

உயிரணுக்கள் பெருகப் போலிக் அமிலம் என்னும் உயிர்ச்சத்து தேவை. அதன் வடிவை ஒத்திருந்து, அதன் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரின் மருந்தைச் சுப்பாராவின் குழுவினர் உருவாக்கினர். பாஸ்டனில் டாக்டர் சிட்னி பார்பர் அதைக் கொடுத்துப் பார்த்த 16 குழந்தைகளில் 10 பேர் தேறினர். ஆனால், நோய் மீண்டும் தலைதூக்கியது. 1948 ஆகஸ்டில், 53ஆம் வயதில் சுப்பாராவ் மறைந்தார்.

ஒரு மருந்துக்குத் தப்பும் அணு மற்றொன்றில் சிக்கும் என்ற எண்ணத்தில், 1962இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தினர் நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துச் சோதித்தனர். அவற்றுள் ஒன்றான மெத்தோட்ரெக்சேட், சுப்பாராவ் குழுவினரின் கொடையே. இன்று வசதிமிக்க நாடுகளில் லிம்பாய்டு வகை நோய் கண்ட குழந்தைகளில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் பிழைக்கின்றனர்.

பட்டம் கைநழுவிய மாணவரின் உழைப்பும் அந்தப் பிள்ளைகளின் வாழ்வில் கலந்திருக்கிறது.