கொச்சியின் இரும்புக் கரம்: சக்தன் தம்புரான்

புது தில்லி: தில்லி ஜந்தர் மந்தர் சாலையில் உள்ள கேரள இல்ல வளாகத்தில் இன்றும் நிற்கிறது கொச்சி மாளிகை. அதற்கு உரிமையாளராக இருந்த கொச்சி அரச குடும்பத்தில், மக்கள் நினைவில் மிக ஆழமாகப் பதிந்த பெயர் சக்தன் தம்புரான்.

ராமவர்மா என்ற இயற்பெயர் கொண்ட அவர் 1751-ல் வெள்ளாரப்பள்ளியில் பிறந்தார். மூன்று வயதில் தாயை இழந்து, சிற்றன்னையால் வளர்க்கப்பட்டார்.

மருமக்கள் தாய முறைப்படி கொச்சியில் மன்னரின் மகனுக்கு அரியணை உரிமை இல்லை. தாய்வழிக் குடும்பத்தின் மூத்த ஆணே அரசர். தாய்வழிக் கிளைகள் பெருகியதால் வாரிசுப் பூசல்களும் பெருகின. 1662-ல் மட்டாஞ்சேரி அரண்மனையை டச்சுக்காரர்கள் தாக்கியபோது இளவரசர்கள் மூவர் மாண்டனர், ராணி சிறைப்பட்டார். மறு ஆண்டு, தங்களிடம் அடைக்கலம் புகுந்திருந்த வேறு கிளை இளவரசரை டச்சுக்காரர்கள் அரசராக்கினர்.

முடிக்கு முன்பே அதிகாரம்

இந்த வரலாறு கொண்ட குடும்பத்தில், 1769-ல் 18 வயது இளவரசரிடம் நிர்வாகம் ஒப்படைக்கப்பட்டது. முடி மூத்தவர்களிடம் இருக்க, ஆட்சி இவரிடம் இருந்தது. முறைப்படி அரசரானது 1790-ல்தான்.

நாடுவாழிகளின் பரம்பரை அதிகாரத்தைப் பறித்தார். நாட்டைப் பிரிவுகளாக்கி, தமக்குக் கட்டுப்பட்ட காரியக்காரர்களை நியமித்தார். கோயில்களை ஆட்டிவைத்த யோகாதிரிகளை நீக்கினார். திருச்சூரில் வடக்குநாதர் கோயிலைச் சூழ்ந்த காட்டை அழித்து நகரமாக்கினார். பூரம் திருவிழாவும் அவர் ஏற்படுத்தியதே.

அதே கரம் கொடுமையும் செய்தது. 1791-ல் மட்டாஞ்சேரியில் கொங்கணி வணிகர் தலைவர்கள் கொல்லப்பட்டனர், கடைகள் சூறையாடப்பட்டன. எஞ்சியோர் தங்கள் வேங்கடாசலபதி விக்கிரகத்துடன் திருவிதாங்கூருக்கு ஓடினர்.

உள்நாட்டில் எவருக்கும் பணியாத அவர், வெளியே பணிய நேர்ந்தது. மைசூரின் பிடியிலிருந்து விலக, 1791-ல் ஆங்கிலேயக் கம்பெனியுடன் உடன்படிக்கை செய்தார். கப்பம் படிப்படியாக உயர்ந்து ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் ஆனது.

அவருக்குப் பின்

1805 செப்டம்பரில் திருச்சூர் அரண்மனையில் அவர் காலமானார். அடுத்து வந்த மன்னரால் அந்த அதிகாரத்தைத் தாங்க இயலவில்லை. அமைச்சர் பாலியத்து அச்சனின் கை ஓங்கியது. அவர் வேலுத்தம்பி தளவாயுடன் சேர்ந்து 1808 டிசம்பரில் ஆங்கிலேய ரெசிடென்ட் மெக்காலேயின் இல்லத்தைத் தாக்கினார். மெக்காலே தப்பினார், கிளர்ச்சி தோற்றது. அச்சன் சென்னைக் கோட்டையில் காவலில் வைக்கப்பட்டார். 1809 உடன்படிக்கையில் கப்பம் இரண்டே முக்கால் லட்சத்தைத் தாண்டியது. கொச்சி கம்பெனியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டது.

36 ஆண்டுகள் ஒருவர் கையில் குவிந்திருந்த அதிகாரம், அவர் மறைந்த நான்கே ஆண்டுகளில் அந்நியர் வசமானது. எதிர்க்க வல்லவர்களை அகற்றிய மன்னர், தமக்குப் பின் தாங்கி நிற்கக்கூடிய அமைப்பை விட்டுச் செல்லவில்லை.

1949-ல் கொச்சி, திருவிதாங்கூருடன் இணைந்தது. 1971-ல் நாடாளுமன்றம் மன்னர் மானியத்தை ஒழித்தது. கேரளச் சட்டப்பேரவை 1975-ல் இயற்றிய சட்டம் கூட்டுக் குடும்ப முறைக்கே முடிவு கட்டியது. இன்று எர்ணாகுளம் மாவட்ட நிர்வாகம் காக்கநாட்டில் உள்ள ஆட்சியர் அலுவலகத்திலிருந்து நடைபெறுகிறது. அங்கு ஆட்சியர் மாறினால் வாரிசுப் போர் மூள்வதில்லை. ஓர் இடமாற்ற உத்தரவு போதும்.