கடலுக்கு மேல் ஒரு குரல்

வானோடி ஒருவர் விமான நிலையத்தை வானொலியில் முதன்முறை அழைக்கும்போது தம் அழைப்புக்குறி, விமானத்தின் வகை, இருக்குமிடம் ஆகியவற்றைச் சொல்வது மரபு. வகையைச் சொன்னாலே அதன் வேகமும் எடையும் தரையில் இருப்பவருக்கு விளங்கிவிடும். ஆனால் இருக்குமிடம் தெரியாவிட்டால்? அமெலியா ஏர்ஹார்ட் அம்மையாரின் வாழ்க்கை அந்தக் கேள்வியிலேதான் முடிந்தது.

1897-இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் பிறந்தார். 1920-இல் பயணியாக முதன்முதல் விமானம் ஏறியவர், அடுத்த ஆண்டே ஓட்டப் பயிலத் தொடங்கினார். 1928-இல் அட்லாண்டிக்கைக் கடந்த விமானத்தில் அவர் வெறும் பயணி. மூட்டைபோல் வந்ததாகத் தம்மையே எள்ளிக்கொண்டார். அந்தக் குறை 1932 மே மாதம் தீர்ந்தது. பதினைந்து மணி நேரம் தன்னந்தனியே பறந்து, வட அயர்லாந்தின் மேய்ச்சல் நிலமொன்றில் இறங்கினார். பெண்களில் அதைச் சாதித்த முதல்வர் அவரே.

1937-இல் உலகைச் சுற்றப் புறப்பட்டார். லாக்ஹீட் எலக்ட்ரா விமானம். வழிகாட்டி பிரெட் நூனன். கராச்சி, கல்கத்தா, ரங்கூன், சிங்கப்பூர் எனக் கடந்து நியூகினியின் லே நகரை அடைந்தபோது ஏறக்குறைய 35,000 கிலோமீட்டர் முடிந்திருந்தது. அடுத்த இலக்கு, 4,100 கிலோமீட்டருக்கு அப்பால் பசிபிக்கில் கிடந்த ஹவுலண்ட் தீவு. அதன் அகலம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை!

ஜூலை 2 காலை, தீவருகே காத்திருந்த இட்டாஸ்கா கப்பலுக்கு அவர் குரல் தெளிவாகவே கேட்டது. அழைப்புக்குறி தெரியும், விமானமும் தெரியும். கப்பலின் திசைகாட்டும் கருவியோ 500 கிலோசைக்கிள் அலைவரிசைக்கு உரியது. அவர் பேசியதோ 3105-இல். மோர்சுச் சாவியை முன்பே விட்டுவிட்டு வந்திருந்தார். என்ன பொருத்தமின்மை! கப்பல் பேசியது அவருக்குக் கேட்கவில்லை. 7500-இல் அனுப்பிய ஒலிக்குறி மட்டும் ஒருமுறை கேட்டது. அதை வைத்துத் திசை காண இயலவில்லை. கப்பலுக்கு மேலேயே இருக்க வேண்டும், ஆனால் காண முடியவில்லை, எரிபொருள் குறைகிறது என்று அறிவித்தார். 8.43-க்கு, வடக்கும் தெற்குமாக ஒரு கோட்டின்மேல் பறப்பதாகச் சொன்னார். கோட்டில் எந்த இடம் என்பது அதில் இல்லை.

தேடுதல் ஜூலை 19 வரை நீடித்தது. 1939 ஜனவரியில் அவர் இறந்துவிட்டதாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. அன்று காலை கப்பலின் வானொலியாளர்களோ, 8.43-க்குப் பின்னும் அவருடைய அழைப்புக்குறியைச் சொல்லி அழைத்துக்கொண்டே இருந்தனர்.