கராஜில் எழுந்த கலைக்கூடம்: லறி லெவானின் வாழ்க்கை

பிறர் பாடிய பாட்டை, பிறர் பதிவு செய்த தட்டில் வைத்துச் சுழற்றுகின்ற ஒருவனைக் கலைஞன் என்று அழைக்கலாமா? இவ்வினா எழும்போதெல்லாம் மேலைநாட்டு நடன இசையுலகம் விடையாக முன்வைக்கும் பெயர்களுள் முதன்மையானது லறி லெவான் என்பதாகும். முப்பத்தெட்டு ஆண்டுகளே வாழ்ந்து 1992 ஆம் ஆண்டில் மறைந்த இவர் நூலொன்றும் எழுதினாரல்லர். பெரும் மேடைகளிற் பாடிப் புகழீட்டினாருமல்லர். ஆயினும், இன்று 'ஹவுஸ்' என்றும் 'டெக்னோ' என்றும் பெயர் சூட்டிச் சிறு சிறு சுதந்திர நிறுவனங்கள் உலகெங்கும் வெளியிட்டு வரும் இசைத்தட்டுகளின் மரபை ஆராயப் புகுவோர் இவருடைய வாழ்க்கையைத் தொடாமல் அப்பாற் செல்ல இயலாது.

லெவான் 1954 ஆம் ஆண்டு யூலை மாதம் 20 ஆம் திகதி நியூயோர்க் மாநகரின் புறூக்லின் பகுதியிற் பிறந்தார். தந்தையார் பெயர் பில்பொற் என்பதாயினும், அவர் தம் அன்னையாரின் குடும்பப் பெயரையே தமக்கு வைத்துக்கொண்டார். அன்னையார் புளூஸ், ஜாஸ், தேவாலயப் பாடல்கள் ஆகியவற்றில் ஈடுபாடு மிக்கவர். ஆதலின், எழுத்தறியும் பருவத்துக்கு முன்னரே இசைத்தட்டுப் பெட்டியை இயக்க அறிந்தவனாய் வளர்ந்தான் சிறுவன். பிறவியிலேயே இதயம் பலவீனமானது. மூச்சிழுப்பு நோயும் வருத்தியது. வகுப்பறையில் மயங்கி விழுவதும் உண்டு. தேவாலயப் பாடகர் குழுவிற் பாடினான். கறுப்பின மாணவனாகவும் பிறருக்கு வேறுபட்ட இயல்பினனாகவும் இருந்த அவனுக்குப் பள்ளி வாழ்வு இனிக்கவில்லை. படிப்பை இடையில் நிறுத்தி வெளியேறினான்.

பள்ளியை விட்ட இளைஞர் தையற்கலையில் நாட்டங் கொண்டு, ஹார்லெம் பகுதியில் நிகழ்ந்த அலங்கார ஆடல் விழாக்களுக்கு உடை தைத்துக் கொடுத்தார். அங்கேதான் பிறாங்கி நக்கிள்ஸ் என்னும் மற்றோர் இளைஞரின் நட்புக் கிட்டியது. இருவரும் ஒட்டிப் பிறந்தார் போல ஒன்றாகவே திரிந்தனர். டேவிட் மன்குசோ என்பவர் 1970 முதலாகத் தமது வசிப்பிடத்திலேயே நண்பர்களை அழைத்து நடத்திய நடன விருந்துகள் அவர்களுக்குப் பள்ளிக்கூடமாயின. அங்கே மது விற்கப்படுவதில்லை. இசையின் தூய்மையே முதன்மை பெற்றது. நிக்கி சியானோ நடத்திய மற்றொரு நடனக்கூடத்தில் இருவரும் அலங்கார வேலைகளும் ஒளி வேலைகளும் செய்தனர். ஒலியும் ஒளியும் மனிதர் மனத்தை எவ்வாறு அசைக்கின்றன என்பதை லெவான் கற்றது இவ்வாறு ஏவல் செய்த காலத்திலேயாம்.

1973 ஆம் ஆண்டளவில், ஆண்களுக்கான நீராடு விடுதியொன்றிலே இசைத்தட்டுச் சுழற்றும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. அப்போது வயது பத்தொன்பது. அங்கிருந்து வேறிரு கூடங்களுக்கு மாறி, விரைவில் நகரெங்கும் அறியப்பட்டார். 1977 இல் சிக்காகோ நகரிலே புதிய நடனக்கூடமொன்றை நிறுவ முயன்றோர் அவரையே முதலில் அழைத்தனர். நியூயோர்க்கை விட்டு நீங்க லெவான் இசைந்தாரல்லர். அவருக்குப் பதிலாகச் சென்றவர் நண்பர் நக்கிள்ஸ். அந்தக் கூடத்தின் பெயர் 'வெயார்ஹவுஸ்', அதாவது பண்டகசாலை. அப்பெயரின் பிற்பாதியே நாளடைவில் 'ஹவுஸ்' என்னும் இசை வகையின் பெயராயிற்று. ஒருவர் மறுத்ததும் மற்றவர் ஏற்றதும் இரு நகரங்களின் இசை வரலாற்றையே வகுத்துவிட்டன.

லெவான் நியூயோர்க்கிலே தங்கியதற்குக் காரணமும் இருந்தது. மைக்கல் புறோடி என்பவர் கிங் வீதி 84 ஆம் இலக்கத்தில் இருந்த மோட்டார் வண்டிக் கராஜ் ஒன்றை நடனக்கூடமாக மாற்றிக்கொண்டிருந்தார். அதுவே 'பரடைஸ் கராஜ்' எனப் பெயர்பெற்றது. அதன் ஆடுகளத்தையும் ஒலியமைப்பையும் வேறெதற்காகவுமன்றி லெவானுக்காகவே அமைத்தார் புறோடி. 1977 இற் கட்டட வேலை நடக்கும்போதே விருந்துகள் தொடங்கின. 1978 இல் முறைப்படி திறக்கப்பட்டது. உறுப்பினரும் அவர்தம் விருந்தினருமே அங்கு புகலாம். குடிவகை விற்கப்படவில்லை, பழமும் பானமும் வழங்கப்பட்டன. வந்தோருட் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் இலத்தீன் அமெரிக்க வழியினருமாவர். தன்பாலின விருப்புடைய ஆடவர் மிகப் பலர். வெளியுலகில் இரு வகையாலும் ஒதுக்கப்பட்ட அவர்களுக்கு அந்தக் கராஜ் வாரத்தில் ஓர் இரவேனும் அச்சமின்றித் தலைநிமிரும் இடமாயிற்று. இதனை மறந்து லெவானின் கலையை மதிப்பிடுதல் பிழையாகும்.

ஒலிப்பொறியியலாளர் றிச்சட் லோங் என்பவர் அமைத்த ஒலிபெருக்கிகளை லெவான் இடைவிடாது திருத்தியமைத்த வண்ணம் இருந்தார். இரவின் தொடக்கத்தில் எளிய ஊசிகளைப் பொருத்தி, நேரம் செல்லச் செல்ல உயர்ந்த ஊசிகளை மாற்றுவாராம். கேட்போரின் செவி படிப்படியாகக் கூர்மையடைய, ஒலியும் உடன் உயர வேண்டும் என்பதே நோக்கம். ஆடுகளத்தின் கண்ணாடி உருண்டையில் தூசு கண்டால், இசையை நிறுத்தி ஏணி வைத்தேறித் துடைத்த கதையும் உண்டு. இரு தட்டுகளின் தாளத்தைப் பிசகின்றி இணைக்கும் தொழில்திறமையில் அவரினும் வல்லார் இருந்தனர். அவரோ பாட்டின் சொற்களை ஒன்றோடொன்று தொடுத்து, ஓரிரவு முழுவதையும் ஒரு கதைபோற் கூறவல்லவராக இருந்தார். வேண்டிய இடத்தில் மௌனத்தையும் பயன்படுத்தினார்.

இக்காலத்திலே இசைத்தட்டுத் தொழிலிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. பன்னிரண்டு அங்குலத் தட்டில் ஒரு பாட்டை மட்டும் பதித்தால் அதன் வரிப்பள்ளங்கள் அகன்று, தாழ்ந்த ஒலிகள் வலுவுடன் எழும், பாட்டையும் நீட்டலாம். 1976 இல் சல்சோல் என்னும் நிறுவனம் இவ்வகைத் தட்டைப் பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கியது. ஒவ்வொரு கருவியும் தனித்தனித் தடத்திற் பதியப்பட்ட ஒலிநாடாவை எடுத்து, ஒன்றைக் குறைத்து, ஒன்றைக் கூட்டி, நடனத்திற்கேற்ப மீண்டும் கலந்தமைக்கும் கலை இதனால் வளர்ந்தது. கூடத்திலே மக்களின் கால்களைக் கண்டறிந்த லெவான் இக்கலையில் இயல்பாகவே புகுந்தார். இன்ஸ்டன்ற் பங்க் என்னும் குழுவுக்காக அவர் கலந்தமைத்த பாட்டு 1979 இல் அமெரிக்கக் கறுப்பின இசைப் பட்டியலில் முதலிடம் பெற்றது.

ஆயினும் அவருடைய பெயரோடு நெருங்கிப் பிணைந்த நிறுவனம் மெல் செறன் என்பவர் தம் பங்காளியுடன் 1976 இல் நிறுவிய 'வெஸ்ற் என்ட்' ஆகும். இது பெரிய முதலீடற்ற சுதந்திர நிறுவனம். விளம்பரத்துக்குப் பணமில்லாத இத்தகையோருக்குக் கராஜின் ஆடுகளமே தேர்வு மண்டபமாயிற்று. 1981 இல் தானா காட்னர் பாடிய 'ஹாட்பீற்' என்னும் பாட்டின் வரலாறு இதற்குச் சான்று. அக்கால நடன இசையின் வேகத்தை நோக்க அது மிக மெதுவானது. லெவான் முதன்முறை அதனை இசைத்தபோது ஆடியோர் களத்தை விட்டு அகன்றனர். அவரோ மனந்தளராது மீண்டும் மீண்டும் அதையே இசைத்தார். ஈற்றில் வெறுத்தோரே விரும்பி ஆடினர். கராஜில் வெற்றி கண்ட பாட்டுகளை பிறாங்கி குறொக்கர் என்னும் புகழ்பெற்ற அறிவிப்பாளர் வானொலியில் ஒலிபரப்புவார். மறுநாட் கடைகளில் மக்கள் தேடுவர். மக்கள் விரும்புவதைக் கொடுப்பது வணிகம். விரும்பத்தக்கதை மக்களுக்குக் காட்டுவது கலை. லெவான் இரண்டாவதைச் செய்தார்.

1982 இல் தாமே உறுப்பினராய் அமைந்த பீச் போய்ஸ் குழுவின் முதற் பாட்டை அதே நிறுவனம் வெளியிட்டது. மின்பொறியில் எழுந்த கைதட்டொலி எதிரொலித்து அகன்று செல்லும் அப்பாட்டு, வரவிருந்த யுகத்துக்குக் கட்டியங் கூறியது. சிக்காகோவிலே நக்கிள்ஸ் பழைய பாட்டுகளோடு தாளப்பொறியின் முழக்கத்தையும் சேர்த்திசைத்தார். அவர் பயன்படுத்திய யப்பானியப் பொறியை அவருக்கு விற்றவர் டிற்றோயிற் நகரத்து டெறிக் மே. 1984 முதல் சிக்காகோவில் ஹவுஸ் தட்டுகள் வெளிவந்தன. 1985 இல் யுவான் அற்கின்ஸ் 'மெற்றோபிளெக்ஸ்' என்னும் நிறுவனத்தையும், 1986 இல் டெறிக் மே 'டிறான்ஸ்மற்' என்னும் நிறுவனத்தையும் டிற்றோயிற்றிற் தொடங்க, டெக்னோ இசை உருப்பெற்றது. இவையனைத்தும் இளைஞர் சிலர் கைப்பணத்தில் நடத்திய சிறு நிறுவனங்களே.

ஆனால் இசை பரவிய அதே ஆண்டுகளில் எயிட்ஸ் என்னும் கொடுநோயும் பரவியது. ஆடுகளத்தில் வாரந்தோறும் கண்ட முகங்கள் ஒவ்வொன்றாக மறையலாயின. நோயுற்றோருக்கு உதவவென நியூயோர்க்கில் எழுந்த முதல் அமைப்புக்கு நிதி திரட்டும் விழா 1982 ஏப்ரலிற் கராஜிலே நடைபெற்றது. அவ்வமைப்பின் முதற் பணிமனைக்கு இடமளித்தவர் மெல் செறன். பின்னர் புறோடியும் அந்நோய்க்கு இலக்கானார். கட்டடத்தின் குத்தகையும் முடிவடைந்தது. 1987 செப்ரெம்பர் இறுதியிற் பெருந்திரள் கூடிய கடைசி விருந்தோடு கராஜின் கதவுகள் அடைபட்டன. அவ்வாண்டு முடியுமுன் புறோடியும் மறைந்தார்.

இதன் பின்னர் லெவானின் வாழ்வு சரிந்தது. போதைவஸ்துப் பழக்கம் முன்னமே அவரைப் பற்றியிருந்தது. இப்போது முற்றாக விழுங்கியது. உயிரினும் மேலாய்ப் போற்றிய இசைத்தட்டுகளையே விற்றுச் செலவிட்டார். அவற்றைக் கண்டெடுத்த நண்பர்கள் பணங் கொடுத்து வாங்கி அவரிடமே திருப்பிக் கொடுத்ததும் உண்டு. அவருடைய தவறுகளை மறைத்துப் புகழ்தல் நேர்மையாகாது. அவ்வாறே, பத்தாண்டு உழைத்துக் கட்டிய உலகம் கண்முன் அழிவதைக் கண்ட மனிதனின் துயரை மறந்து இகழ்வதும் நேர்மையாகாது.

1991 இல் இலண்டன் நகரிற் கராஜை முன்மாதிரியாகக் கொண்டு 'மினிஸ்றி ஒப் சவுண்ட்' என்னும் கூடம் திறக்கப்பட்டது. அங்கே அழைக்கப்பட்ட லெவான் நெடுநாள் தங்கி ஒலியமைப்பைச் சீர்செய்ய உதவினார். 1992 இல் யப்பான் நாட்டிலும் சுற்றுலா நிகழ்த்தினார். மீண்டும் எழுவார் என்று நண்பர்கள் நம்பினர். ஆனால் இளமையிலேயே பலவீனமாயிருந்த இதயம் இடங்கொடுக்கவில்லை. நியூயோர்க் திரும்பிய அவர் அவ்வாண்டு நவம்பர் 8 ஆம் திகதி இதயநோயால் இயற்கை எய்தினார்.

2000 ஆம் ஆண்டில் வெஸ்ற் என்ட் நிறுவனம், கராஜில் 1979 இல் அவர் இசைத்த ஓரிரவின் ஒலிப்பதிவை வெளியிட்டது. 2018 இல் அந்தக் கட்டடம் இடிக்கப்பட்டது. தாம் பிறர் பாட்டைச் சுழற்றுபவர் என்ற அளவில் அவர் நின்றிருந்தால் கட்டடத்தோடு அவர் நினைவும் போயிருக்கும். இன்றோ ஏதோவொரு நகரத்தில், ஏதோவொரு சிறு நிறுவனம் புதிய தட்டொன்றை அச்சிட்டு அனுப்பும்போது, இது ஆடுகளத்தில் எவ்வாறு ஒலிக்கும், ஆடுவோர் மனத்தை எவ்வாறு தொடும் என்றே முதலில் எண்ணுகிறது. அவ்வாறு எண்ணக் கற்றுக்கொடுத்தவர்களுள் லெவான் தலையாயவர். தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு அவருடைய வாழ்க்கையே விடை.