இருதயத்தின் வழியறிந்த ஹக்கீம் இப்னு நபீஸ்

இரத்த ஓட்டம் என்றதும் பள்ளிப் பாடப் புத்தகங்கள் 1628-ல் நூல் வெளியிட்ட ஆங்கில வைத்தியர் ஹார்வியின் பெயரைச் சொல்லும். அது தவறன்று. ஆனால் அவருக்கு ஏறக்குறைய நானூறு ஆண்டுகளுக்கு முன்பே, இரத்தம் இருதயத்திலிருந்து நுரையீரலுக்குச் சென்று மீளும் பாதையைத் தெளிவாக எழுதி வைத்த அரபு வைத்தியர் ஒருவர் இருந்தார்கள் என்பதை நம்மில் பலர் அறியோம். அலாவுத்தீன் இப்னு நபீஸ் என்பது அன்னாரின் பெயர்.

கி.பி. 1213-ஆம் ஆண்டை ஒட்டி டமாஸ்கஸ் பகுதியில் பிறந்த இவர்கள், அந்நகரின் நூரீ மருத்துவமனையில் அத்தக்வார் என்ற ஆசிரியரிடம் வைத்தியம் பயின்றார்கள். பின்னர் கெய்ரோ சென்று, எகிப்தின் தலைமை வைத்தியராக உயர்ந்தார்கள். மஸ்ரூரிய்யா மதரஸாவில் பிக்ஹு சட்டமும் போதித்தார்கள். மலாய் நாட்டில் நாம் கண்டு பழகிய அதே ஷாபிஈ மத்ஹபுதான்.

எழுத உட்கார்ந்தால் சீவிய பேனாக்களைக் கட்டாக வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி, எந்த நூலையும் புரட்டாமல் வெள்ளம்போல எழுதுவார்களாம். முனை மழுங்கினால் சீவ நேரம் ஏது? எறிந்துவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். ஒருமுறை பொதுக் குளிப்பிடத்தில் பாதிக் குளியலில் எழுந்து வந்து, மையும் தாளும் வரவழைத்து, நாடித் துடிப்பைப் பற்றி ஓர் ஏட்டை எழுதி முடித்த பிறகே மீதிக் குளியலுக்குப் போனார்கள் என்றும் சரித்திரக்காரர்கள் கூறுகிறார்கள்.

அக்காலத்தில் வைத்திய உலகை ஆண்டவர் ஜாலீனூஸ் என்னும் பழைய கிரேக்க வைத்தியர். இருதயத்தின் வலது அறைக்கும் இடது அறைக்கும் நடுவேயுள்ள சுவரில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் உண்டு, இரத்தம் அவற்றின் வழியே கசிகிறது என்பது அவர் கொள்கை. ஆயிரம் ஆண்டுகளாக அதுவே பாடம். மாமேதை இப்னு ஸீனா அவர்களின் 'கானூன்' நூலும் அவ்வழியே சென்றது. அந்தக் கானூனின் உடற்கூற்றுப் பகுதிக்கு 1242-ல் விரிவுரை எழுதிய இப்னு நபீஸ் அவர்கள், நடுச்சுவர் கெட்டியானது, அதில் வெளிப்படையான துவாரமும் இல்லை, மறைவான துவாரமும் இல்லை என்று மறுத்தார்கள். வலது அறையின் இரத்தம் பெருங்குழாய் வழியாக நுரையீரல் போய், அங்கே காற்றுடன் கலந்து, வேறு குழாயால் இடது அறைக்கு வருகிறது என்றார்கள். இருதயத்துக்கு மூன்று அறைகள் என்ற இப்னு ஸீனாவின் சொல்லையும் திருத்தி, இரண்டே என்றார்கள். இருதயம் தன் உள்ளே கிடக்கும் இரத்தத்தால் ஊட்டம் பெறுவதில்லை, அதன் சதைக்குள் ஓடும் தனிக் குழாய்களாலேயே பெறுகிறது என்றதும் இவர்களே. இன்று மாரடைப்பைப் பற்றிப் பேசும் டாக்டர்கள் காட்டுவது அந்தக் குழாய்களைத்தான்.

நுரையீரலில் ஒரு குழாயிலிருந்து மறு குழாய்க்கு இரத்தம் தாவுவது எப்படி? இரண்டுக்கும் இடையே நுண்ணிய வழிகள் இருக்கவேண்டும் என்று இவர்கள் கூறினார்கள். கண்ணால் கண்டதன்று, காரணகாரியத்தால் அறிந்தது. 1661-ல் இத்தாலியரான மால்பிகி, தவளையின் நுரையீரலை மைக்ராஸ்கோப் என்னும் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தபோதுதான் அவ்வழிகள் தென்பட்டன. தந்துகிகள் எனப்படும் அவற்றின் சுவர் ஒரே ஒரு வரிசை உயிரணுக்களால் ஆனது. இரத்தத்தின் சிவப்பணுக்கள் அவற்றில் ஒன்றன்பின் ஒன்றாக, நெருக்கிப் பிடித்துத்தான் போகமுடியும். அந்த மெல்லிய சுவரைக் கடந்தே பிராணவாயு இரத்தத்தில் சேர்கிறது.

நம்மவர்களில் சிலர் பெருமையில் ஹார்வியின் கண்டுபிடிப்பு முழுவதையும் இவர்கள் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். வியாபாரிகளான நாம் பிறர் வரவை நம் பேரேட்டில் பதியலாமா? உடல் முழுவதும் இரத்தம் சுற்றி வருவதை இப்னு நபீஸ் அவர்கள் சொல்லவில்லை. இரத்தம் ஈரலில் உண்டாகிறது என்ற பழைய எண்ணமும் அவர்களிடம் இருந்தது. இவர்களுக்குரிய நுரையீரல் பாதை ஒன்றே போதுமான பெரிய வரவு.

1288-ல் நோயுற்றபோது மருந்தாக மது தரப்பட்டதாகவும், அதை ஏற்க மறுத்ததாகவும் கூறுவர். அவ்வாண்டே வபாத்தானார்கள். தம் வீட்டையும் நூல்களையும் சுல்தான் கலாவூன் கட்டிய மன்ஸூரி மருத்துவமனைக்கு வக்பு செய்திருந்தார்கள். கானூனுக்கு எழுதிய சுருக்கமான 'மூஜஸ்' இந்தியாவின் யூனானி வைத்தியர்கள் வரை பாடமாகப் படிக்கப்பட்டது. ஆனால் அந்த விரிவுரையிலுள்ள இருதயச் செய்தியோ பெரும்பாலும் மறக்கப்பட்டது. ஐரோப்பாவில் 1553-ல் செர்வெட்டஸும், 1559-ல் கொலம்போவும் இதே பாதையை எழுதினார்கள். இவர்கள் நூலிலிருந்து அறிந்தார்களா, தாமே கண்டார்களா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

1924-ல் ஜெர்மனியின் பிரைபர்க் சர்வகலாசாலையில் படித்த எகிப்திய டாக்டர் முஹ்யித்தீன் தத்தாவி, பெர்லின் நூலகத்தில் இவ்விரிவுரையின் கையெழுத்துப் பிரதியைக் கண்டு தம் ஆராய்ச்சியில் வெளியிட்டார். பேராசிரியர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. அரபு வைத்திய நூல்களில் தேர்ந்த டாக்டர் மேயர்ஹாபுக்கு அதை அனுப்பி வைத்தார்கள். அவர் வாசித்துப் பார்த்து, இளைஞர் சொல்வது உண்மை என்று உறுதி செய்தார். அவர் அப்போது வசித்தது, இப்னு நபீஸ் அவர்கள் வாழ்ந்து மறைந்த அதே கெய்ரோவில்.